சேலத்துல ஆளைத் தொட்டுப் பார்த்து பிசியோ பண்ற இடம் இருக்கா? அனுபவம் பகிருங்க

செவ்வாய்பேட்டைக்காரன்:
கொலுசுப் பட்டறையில வேலை பார்க்கிறவர், வலது தோள் இறுகிப்போய் சட்டை மாட்ட முடியல. முதல்ல போன இடத்துல நாலு பேடு ஒட்டி, கரண்ட் விட்டு, திரையை இழுத்துட்டுப் போயிட்டாங்க. மெஷின் மணி அடிச்சதும் கழட்ட வந்த பொண்ணு, "எந்தத் தோள்ங்க?"ன்னு கேட்டுச்சு பாருங்க, அதான் மறக்க மாட்டேங்குது.

அஸ்தம்பட்டி பக்கம் இன்னொரு இடத்துல மெஷின் பக்கமே போகல. முழங்கையை விலாவோட ஒட்டி, 90 டிகிரி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னாங்க. 20 டிகிரியில நின்னுச்சு. அவங்களே பிடிச்சு மெதுவா திருப்பினாங்க, அதே 20. இடது கை 70 வரைக்கும் போச்சு. விஷயம் இங்கதான் இருக்கு. அடுத்தவங்க திருப்பியும் நகரல, எக்ஸ்ரேயிலயும் தேய்மானம் இல்லைன்னா மூட்டு உறை இறுகியிருக்கு. அடுத்தவங்க திருப்பினா போகுது, தானா முடியலைன்னா தசைநாரைப் பார்க்கணும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற. ராத்திரி தூங்கவிடாத வலி இருக்கிற கட்டத்துல உறையை முரட்டுத்தனமா இழுத்தா வலி கூடத்தான் செய்யும். குனிஞ்சு கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டுறதோட நிறுத்தினாங்க.

நாகலூர் மலையாள்:
இங்க ஏற்காடு எஸ்டேட் அம்மா ஒருத்தங்க, முட்டி மாத்தின ஆபரேஷன். 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ல காலை மடக்கியே உட்கார்ந்து இறங்கணும். கீழ போய்ப் படுத்தா, சுகமா இருக்கட்டும்னு முட்டிக்கு அடியில தலையணை! அப்படியே விட்டா கால் முழுசா நீளாமலே போயிடும், நடக்கறப்ப நொண்டும். வேற ஒரு தம்பி வந்து தலையணையை உருவிட்டு, துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில வச்சாரு. முட்டியின் பின்பக்கத்தைக் கட்டிலோட அழுத்தித் தொடையை இறுக்கி 5 விநாடி, 10 தடவை. அப்புறம் கோணமானியை வச்சு அளந்து, நீட்டினது எவ்வளவு, மடக்கினது எவ்வளவுன்னு நோட்டுல எழுதினாரு. ஆள் மாறினாலும் அந்த நோட்டு பேசும்.

ஜங்ஷன் பிசியோ:
செவ்வாய்பேட்டை அண்ணா, கரண்டே வீண்ங்கிற மாதிரி எழுதாதீங்க. கரண்ட் கொடுத்தா வலி கொஞ்ச நேரம் அடங்கும், அந்த நேரத்துல பயிற்சியைச் செய்ய வச்சிடணும். அதைச் செய்யாம வீட்டுக்கு அனுப்புறதுதான் தப்பு. அதே சமயம், பேஸ்மேக்கர் இருந்தா கரண்ட் கூடாது. உள்ள பிளேட், ஸ்க்ரூ இருந்தா அந்த இடத்துல டயதர்மி (உள்ளே ஆழமா சூடு கொடுக்கிற மெஷின்) கூடாது, உலோகம் சூடாகும். இதைக் கேட்காம சுவிட்ச் போடுற இடத்துல இருந்து எழுந்து வந்துடுங்க.

செவ்வாய்பேட்டைக்காரன்:
வீண்னு எங்கங்க சொன்னேன்? தொடவே இல்லைங்கிறதுதான் குறை.

கொண்டலாம்பட்டி அக்கா:
பக்கத்து வீட்டுத் தறிக்காரருக்கு இடுப்பு வலி, கால் வரைக்கும் இழுத்துச்சு. நல்லா பார்த்தாங்க, அவ்வளவுதான். ஆனா புதுசா போறவங்களுக்குச் சொல்றேன். போன்லயே கேளுங்க: ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேரை ஒரே ஆள் பார்க்கிறாங்க? முதல் நாள் பார்த்தவங்களே அடுத்த நாளும் வருவாங்களா? பி.பி.டி. (பிசியோதெரபி பட்டம்) படிச்சவங்களா? 10 சிட்டிங் காசை மொத்தமா முன்னாடியே கட்டச் சொன்னா, முதல்ல ரெண்டுக்கு மட்டும் கட்டுங்க. சாயங்காலம் கூட்டம் நெரியும், காலையில 11 மணி வாக்குல போனா நிதானமா பார்ப்பாங்க.

வீட்டுப் பயிற்சியை அவங்க முன்னாடியே ஒருதரம் செஞ்சு காட்டிட்டு வாங்க, படம் போட்ட தாளை மட்டும் வாங்கிட்டு வராதீங்க. செய்யறப்ப கொஞ்சம் வலிச்சு மறுநாள் காலைக்குள்ள அடங்கினா சரி. அடங்கலைன்னா எண்ணிக்கையைப் பாதியாக்குங்க. இடுப்பு வலியில, கால்ல இருந்த வலி மேலேறி இடுப்போட நின்னா நல்ல அறிகுறி, இடுப்புல வலி கூடின மாதிரி இருந்தாலும் பயப்படாதீங்க. கீழே இறங்கினா அந்தப் பயிற்சியை நிறுத்திட்டுப் போய்ச் சொல்லுங்க. தொடை இடுக்கு மரத்துப்போச்சு, சிறுநீர் வரலை அல்லது அடக்க முடியலைன்னா பிசியோவுக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டு உட்காராதீங்க. அன்னிக்கே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவு. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சாலும் அதேதான், அதைத் தேய்க்க விடாதீங்க.

நாகலூர் மலையாள்:
அக்கா, மலைக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. கோணமானி கொண்டு வர்றவங்களா இருக்கட்டும்.