காஸ் அடிக்க முதல் லீக்கைத் தேடுகிறவரைக் கூப்பிடுங்கள்: வன்னியில் ஏசி திருத்திய அனுபவங்கள்

பரந்தனில் இருந்து:

அப்பா படுக்கிற அறையில் 12,000 பீ.ரீ.யூ. (குளிர்ப்படுத்தும் வலுவின் அளவு) இன்வேட்டர் (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற) ஏசி ஒன்று இருக்கிறது, உள்ளே சுற்றிக் குளிரைத் தருவது ஆர்-32 என்ற காஸ். சித்திரை வெயிலில் சீற் கூரைக்குக் கீழே நெஞ்சு வருத்தக்காரர் ஒருவர் படுப்பதென்றால் ஏசி ஆடம்பரம் இல்லை. போன வருடம் குளிர் குறைந்துகொண்டே வந்தது. டவுனில் ஒருவரைக் கூப்பிட்டோம். வந்தார், காஸின் அமுக்கம் பார்க்கிற கேஜைப் பூட்டினார், "காஸ் இறங்கிட்டுது, அடிச்சா சரி" என்றார், அடித்தார், காசை வாங்கிக்கொண்டு போனார். அன்றிரவு நல்ல குளிர். வைகாசி முடிய முதலே பழைய நிலை. திரும்பக் கூப்பிட்டால் திரும்பவும் அதே கதை, காஸ் இறங்கிட்டுதாம்.

எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். மோட்டார் சைக்கிளின் பெற்றோல் மாதிரி ஓட ஓடத் தீருகிற சாமான் இல்லை ஏசி காஸ். மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கேயோ லீக் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதைத் தேடாமல் மேலே மேலே அடிப்பதைத் திருத்த வேலை என்று சொல்லவே கூடாது.

அப்புறம் வவுனியாவில் இருந்து ஒரு தம்பி வந்தார். வர முதலே போனில் கனக்கக் கேட்டார்: வெளி யூனிட்டின் பக்கத்துத் தகட்டில் என்ன காஸ், எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறது, ஏசி ஓடும்போது மெல்லிய பைப்பில் ஐஸ் பிடிக்கிறதா, கடைசியாக யார் என்ன செய்தார். வந்தவர் கேஜைத் தொடவில்லை. ரோச் அடித்து வெளி யூனிட்டின் பைப் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தடித்த பைப்பின் நட்டைச் சுற்றி மட்டும் செம்புழுதி ஈரமாக, கறுப்பாக அப்பியிருந்தது. "இதைப் பாருங்கோ அண்ணை, காஸ் போற இடத்தால கொம்பிரசர் எண்ணெயும் கசியும், எண்ணெயில புழுதி ஒட்டும்" என்றார். சவுக்கார நுரையைத் தூரிகையால் பூச, கடுகளவு குமிழிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன.

மிச்சக் காஸை வேறு சிலிண்டருக்குள் இழுத்தெடுத்தார், பைப் நுனியை வெட்டிப் புதிதாக விரித்து இறுக்கினார், நைதரசன் ஏற்றி அமுக்கம் இறங்குகிறதா என்று பார்த்தார். (ஒக்சிசன் ஏற்றிப் பார்க்கிற ஆட்கள் இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், உள்ளே இருக்கிற எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.) அமுக்கம் அசையவில்லை. பிறகு வாக்கியூம் பம்ப் போட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் எடுத்தார், இதற்குத்தான் கன நேரம் பிடித்தது. கடைசியில் சிலிண்டரைத் தராசில் வைத்து, தகட்டில் இருந்த நிறைக்குச் சரியாக அளந்து விட்டார். இந்தச் சித்திரையும் போய்விட்டது, குளிர் அப்படியே இருக்கிறது.

இப்போது யாரைக் கூப்பிட்டாலும் போனிலேயே கேட்கிறேன்: லீக் எப்படிப் பார்ப்பீங்கள், வாக்கியூம் பம்பும் தராசும் கொண்டு வருவீங்களா?

மாங்குளத்தில் இருந்து:

எங்களுக்குக் காஸ் பிரச்சினையே இல்லை, ஆனாலும் காஸ் என்றுதான் தொடங்கினார்கள். பழைய ஆர்-22 ஏசி, இன்வேட்டர் இல்லாதது. வெளியே ஃபேன் சுற்றும், கொம்பிரசர் ஒரு தரம் உறுமிவிட்டு நின்றுவிடும். வந்தவர் ஒருவர் மூடியைக்கூடக் கழற்றாமல் "கொம்பிரசர் போயிட்டுது, புது ஏசி வாங்குங்கோ" என்றார். இன்னொருவரைக் கேட்போம் என்று மனைவி சொன்னா. அந்த மற்ற அண்ணை கழற்றிப் பார்த்தால், கொம்பிரசர் ஓடத் தொடங்க உதவுகிற கப்பாசிற்றரின் தலை உப்பி மேலே வந்திருந்தது. மீற்றரை வைத்து அளந்து, அதில் எழுதியிருந்த அளவில் பாதிகூட இல்லை என்று எங்களுக்கே காட்டினார். அதை மாற்றியதோடு ஏசி ஓடுகிறது. காட்டுப்பக்க வீடுகளில் வெளி யூனிட்டின் சேர்க்கிட் போட்டுக்குள் பல்லி போய்ச் செத்து ஷோட் ஆவதும் அடிக்கடி நடக்கிறதாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

ஆர்-22 வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொன்று. 1987 மொன்றியல் உடன்பாட்டின் கீழ் 2030க்குள் எங்களைப் போன்ற நாடுகளிலும் அந்தக் காஸை ஏறக்குறைய நிறுத்தப் போகிறார்கள். அதில் பெரிய செலவு ஒன்று வந்தால் யோசித்துச் செய்யுங்கள். ஆர்-22 ஏசிக்குள் ஆர்-32 கலந்து விடலாம் என்று யாராவது சொன்னால் விடவே கூடாது.

முல்லைத்தீவுக் கரையில் இருந்து:

எங்கள் வெளி யூனிட்டைக் கடலைப் பார்த்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். உப்புக் காற்றில் அலுமினியத் தகடுகள் கையால் தொட உதிர்கிற நிலை, காஸ் ஓடுகிற குழாய்ச் சுருளான கொயிலிலேயே லீக். பார்க்க வந்தவர் ஒட்டிவிட்டுக் காசு வாங்கியிருக்கலாம். அவர் "ஒட்டலாம் அக்கா, ஆனா பக்கத்தில இன்னொரு இடம் விடும்" என்று உள்ளதைச் சொன்னார். புதுக் கொயில் போட்டு, யூனிட்டை வீட்டின் மறுபக்கச் சுவருக்கு மாற்றினோம். நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவச் சொன்னார், மெல்லிய தூறலாக, தகடு வளையாமல்.

ஒட்டுசுட்டானில் இருந்து:

எங்களிடம் வந்தவர் முதலில் பிளக்கில் மீற்றரை வைத்தார். 230 வோல்ற் இருக்க வேண்டிய இடத்தில் பின்னேரம் 190க்கும் கீழே. ஏசியில் ஒரு பிழையும் இல்லை, கரண்டைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, வந்து போன செலவை மட்டும் வாங்கினார். மின்சார சபைக்கு முறைப்பாடு போட்டிருக்கிறோம்.

பரந்தனில் இருந்து, திரும்பவும்:

சேர்விஸ் பற்றி உள்பெட்டியில் கேட்டவர்களுக்கு: சோளகக் காலத்தில் கிரவல் வீதி ஓரத்து வீடுகள் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, நிழலில் காயவிட்டுப் பூட்டினால் போதும், அதற்கு ஆள் தேவையில்லை. உள் யூனிட்டின் கொயிலையும் தண்ணீர் போகிற பைப்பையும் பங்குனியில் ஆள் வைத்துக் கழுவுங்கள், சேர்க்கிட் போட்டைப் பொலித்தீனால் மூடிவிட்டுத்தான் தண்ணீர் அடிக்க வேண்டும். வவுனியாவில் இருந்து வருகிற தம்பிக்குப் போக்குவரத்துச் செலவு வேறாகக் கொடுக்க வேண்டும், ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து கூப்பிட்டால் அதைப் பிரித்துக் கொடுக்கலாம். வருகிற பங்குனிக்குப் பரந்தன், கண்டாவளை, தருமபுரம் பக்கம் யாருக்கு வேண்டும் என்று சொல்லுங்கள், நான் அவரோடு கதைத்துத் திகதி எடுக்கிறேன்.