மறுமொழி: ‘சிக்ஸ்-ஆன்-சிக்ஸ்’ கூடைப்பந்துக்குத் தமிழில் என்ன?

> அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துப் பள்ளிப் பெண்கள் ஆடியதை ‘அறுவர் கூடைப்பந்து’ என்றே போட்டுவிடலாம். எளிமை.

எளிமைதான் ஐயா. ஆனால் ஆள் கணக்கோடு நின்றுவிடுகிறது. ஐவர் ஆட்டத்தில் ஒருவரைச் சேர்த்தால் இது வந்துவிடாது. அணிக்கு ஆறு பேரில் மூவர் முன்கள ஆட்டக்காரர்கள், மூவர் தடுப்பவர்கள் (ஆங்கிலத்தில் ‘கார்டு’). நடுக்கோட்டை இருவகையாரும் தாண்டக் கூடாது. கூடையில் பந்து போடுவது முன்கள மூவர் மட்டுமே. தடுப்பவர் பந்தைப் பறித்தால் இரண்டு தட்டுத் தட்டலாம். பிறகு கோட்டுக்கு அப்பால் நிற்கும் தோழிக்கு எறிந்துவிட்டு, கால்விரல் கோட்டில் படாமல் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பள்ளிக் காலம் முழுக்க ஒரு புள்ளிகூட எடுக்காத நல்ல ஆட்டக்காரிகள் உண்டு. சடுகுடுவில் கோட்டைத் தாண்டுவதுதான் ஆட்டம். இங்கே தாண்டினால் தப்பு.

கோடு வந்த கதையும் அதைத்தான் காட்டுகிறது. 1892இல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் கூடைப்பந்தைப் பெண்களுக்குக் கற்றுத்தந்தபோது களத்தை மூன்றாகப் பிரித்தார். அதிகம் ஓடினால் பெண்ணுடம்பு தாங்காது என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. அப்போது அணிக்கு ஒன்பது பேர்கூட ஆடினார்கள். ‘அறுவர்’ என்றால் அந்த முப்பிரிவு ஆட்டத்தை எங்கே வைப்பது? ஐயோவாவில் மூன்று பிரிவு இரண்டானதே 1930-களில்தான்.

> அப்படியானால் ‘இருகள ஆட்டம்’?

இரண்டு ஆடுகளம் என்று படித்துவிடுவார்கள். என் முன்மொழிவு: பகுகளக் கூடைப்பந்து. பகுபதம் போலத்தான். வேண்டிய இடத்தில் முப்பகுகளம், இருபகுகளம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

பெண்களை அடக்கிவைக்கப் போட்ட கோடு, சிறு ஊர்களில் அவர்களுக்கே உரிய ஆட்டமாகிவிட்டது. இது இந்த ஆட்டம் பற்றிய கட்டுரையில் கட்டாயம் வர வேண்டும் என்பேன். 1920இல் ஐயோவாவின் டெமாயின் நகரத்து டிரேக் பல்கலைக்கழகத்தில் முதல் மாநிலப் போட்டி. வென்றது கரெக்‌ஷன்வில் என்ற சிற்றூர். 1925இல் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் பெண்கள் போட்டியைக் கைகழுவியது. பள்ளிக்குப் பள்ளி போட்டி வைப்பது பெண்களுக்கு ஆகாது என்று கல்வியாளர்கள் நாடெங்கும் பேசிவந்த நேரம். சிற்றூர்ப் பள்ளி நிர்வாகிகள் விடவில்லை. பெண்களுக்கென்றே தனிச் சங்கம் கண்டார்கள். பெரிய நகரப் பள்ளிகள் பல, 1970-கள் வரை பெண்கள் அணியே வைக்கவில்லை. பட்டிக்காட்டுக்குப் பத்தாம்பசலி என்று பெயர். இந்த விஷயத்தில் பத்தாம்பசலி யார்?

1968 மாநில இறுதியாட்டம் கூடுதல் நேரம் வரை போனது. யூனியன்-விட்டன் 113, எவர்லி 107. வென்ற அணியின் டெனிஸ் லாங் 64 புள்ளி எடுத்தார். தோற்ற அணியின் ஜெனட் ஆல்சன் 76! புள்ளியெல்லாம் முன்கள மூவருக்கே என்று ஆக்கிய கோட்டைச் சொல்லாவிட்டால் இந்தக் கணக்கு விளங்காது.

----

தம்பி, பகுகளம் எனக்குச் சம்மதம். வினைத்தொகை என்பதால் பிரித்த, பிரிக்கிற, பிரிக்கும் எல்லாம் அதற்குள் அடங்கும். ‘கார்டு’ என்பதற்கு மட்டும் ‘காவலர்’ என்று யாரும் போட்டுவிடாதீர்கள், போலீஸ் வந்து நிற்கும். ஒரு கேள்வி: 1993இல் ஐயோவா இதைக் கைவிட்ட பிறகு ஆடுவதை எப்படிக் குறிப்பது?

----

அதற்குத் தனிச்சொல் வேண்டாம் ஐயா, வெறும் கூடைப்பந்து போதும். ஒப்பிடும் இடத்தில் மட்டும் ‘முழுக்கள ஆட்டம்’. கார்டுக்குத் ‘தடுப்பாட்டக்காரி’ என்று இடுகிறேன். மறுப்பு வராவிட்டால் ஞாயிறன்று கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.