புளோரன்ஸ், சியெனா, பியென்சா: நாமே கார் ஓட்டிப் போறதுக்கு விவரம் வேணும்

திருநகர் 2வது ஸ்டாப்:
வணக்கம். அக்டோபர்ல அப்பா, அம்மா, மனைவி, நான் நாலு பேரும் இத்தாலி போறோம். புளோரன்ஸ்ல கார் எடுத்து 5 நாள் டஸ்கனி கிராமப்புறத்தை அவசரமில்லாம சுத்தணும். ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல ஓட்டுற எண்ணமில்லை. அப்பாவுக்கு முட்டிவலி. அம்மா சைவம். கொடைக்கானல் மலை ரோடு எனக்குப் பழக்கம்தான், ஆனா ரோட்டுல வலது பக்கமா ஓட்டினதே இல்லை. லைசென்ஸ்ல ஆரம்பிச்சு சொல்லுங்க.

நாகமலை:
தம்பி, முதல் வேலை இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட். பரிவாகன் தளத்துல விண்ணப்பிச்சு உங்க ஏரியா ஆர்.டி.ஓ.வுல வாங்கணும். கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். அதை மட்டும் கொண்டு போனா போதாது, நம்ம ஒரிஜினல் லைசென்ஸும் கையில இருக்கணும்.

அடுத்தது கிரெடிட் கார்டு. யார் ஓட்டுறாங்களோ அவங்க பேர்ல, பின் நம்பரோட இருக்கணும். டெபாசிட் தொகையை அதுலதான் பிடிச்சு வைப்பாங்க. டெபிட் கார்டை நீட்டினா பல கவுண்டர்கள்ல சாவி தர மாட்டாங்க. அங்க கியர் வண்டிதான் அதிகம், ஆட்டோமேட்டிக் வேணும்னா இப்பவே சொல்லி வைங்க. உங்களுக்கு ஆட்டோமேட்டிக்தான் நல்லது. வலது கையால கியர் மாத்துற கவலை ஒண்ணாவது குறையும்.

ஊருக்குள்ள வண்டி எடுக்காதீங்க. ரயில் நிலையத்துப் பக்கத்துல டி2 டிராம் ஏறி ஏர்போர்ட் போய் அங்க எடுங்க. எடுத்ததும் நாலு ரிம்மையும் வலது பக்கக் கண்ணாடியையும் வீடியோ எடுத்துக்கோங்க. சாதாரண இன்சூரன்ஸ்ல டயர், கண்ணாடி, அடிப்பாகம் சேராம இருக்கும். அங்க 'ஸ்த்ராதே பியாங்கே'ன்னு வெள்ளைச் சரளை ரோடு நிறைய, அடிபடுறது இது மூணும்தான்.

கோரிப்பாளையம்:
வலது பக்கம் ஓட்டுறதுக்கு ஒரே கணக்கு: டிரைவர் எப்பவும் ரோட்டு நடுக்கோட்டை ஒட்டி இருக்கணும். இங்க வலது சீட்ல உட்கார்ந்த பழக்கத்துல வண்டி தானா வலது ஓரத்துக்குப் போகும், ரிம் கல்லுல உரசும். முதல் நாள் பக்கத்துல இருக்கிறவங்க வலது ஓரத்தைப் பார்த்துச் சொல்லட்டும். இண்டிகேட்டர் இடது கைப்பக்கம். திரும்புறப்ப வைப்பர் ஆடினா பதறாதீங்க. உண்மையில தப்பு நடக்கிறது கூட்டத்துல இல்ல, காலியான பெட்ரோல் பங்க்லேர்ந்து வெளிய வரும்போது. முன்னாடி வண்டி இல்லாட்டி கை பழைய பக்கமே போகும்.

ரவுண்டானாவுல இடஞ்சுழியா சுத்தணும். உள்ள சுத்திட்டிருக்கிற வண்டிக்கு வழி விட்டுட்டு நுழையணும். ஊருக்கு வெளிய பகல்லயும் ஹெட்லைட் எரியணும். வேகம் ஊருக்குள்ள 50, கிராம ரோட்டுல 90, ஆட்டோஸ்த்ராதாவுல (டோல் எக்ஸ்பிரஸ்வே மாதிரி) 130, அதுலயே மழை பெஞ்சா 110.

எல்லாத்தையும் விட முக்கியம் 'ஸோனா த்ராஃபிகோ லிமிதாதோ'. பழைய ஊர்களோட நடுப்பகுதி, நம்ம சித்திரை வீதிக்குள்ள வண்டி விடாத மாதிரி. ஆனா தடுப்பு, போலீஸ் எதுவும் இருக்காது. வெள்ளைப் பலகையில சிவப்பு வட்டம், மேல ஒரு கேமரா, அவ்வளவுதான். பக்கத்துல 'வார்கோ அத்தீவோ'ன்னு எழுத்து ஓடினா வழி திறந்திருக்குன்னு நினைச்சு ஏமாந்துடுவோம். கேமரா வேலை செய்யுதுன்னு அர்த்தம், நுழையக் கூடாது. நுழைஞ்சா அபராதம். நோட்டீஸ் பல மாசம் கழிச்சு மதுரை விலாசத்துக்கே வரும். உங்க விவரத்தைப் போலீசுக்குக் கொடுத்ததுக்குன்னு வாடகைக் கம்பெனி தனியா ஒரு தொகை பிடிக்கும். மேப் காட்டுதுன்னு உள்ள போயிடாதீங்க.

பார்க்கிங்ல நீலக்கோடு காசு, வெள்ளை இலவசம், மஞ்சள் நமக்கில்லை.

வைகை வடகரை:
அண்ணா, ரூட் நான் சொல்றேன். புளோரன்ஸ்–சியெனா நேர் ரோடு 70 கி.மீ. சொச்சம், மதுரை–தேனி தூரம். அதுல போகாதீங்க. எஸ்.ஆர். 222ங்கிற ரோட்டைப் பிடிச்சு கிரேவே, பன்சானோ, காஸ்தெல்லினா வழியா கியாந்தி திராட்சைத் தோட்டங்களுக்குள்ள போங்க. சியெனாவுல சாந்தா காத்தரீனா பார்க்கிங்ல விட்டா மேல போக எஸ்கலேட்டரே இருக்கு, அப்பாவுக்குச் சிரமமில்லை.

அப்புறம் சான் குவிரிகோ போய் எஸ்.பி. 146. இந்த ரோடுதான் பயணத்தோட உயிர். பியென்சா வரை 10 கி.மீ.தான், ஆனா அரை நாள் ஒதுக்குங்க. உழுத மண் மேடு மேடா அலையடிக்கும், நடுவுல சைப்ரஸ் மர வரிசை. படம் எடுக்க ரோட்டுல நிறுத்தாதீங்க, ஓரமே கிடையாது, ஒதுங்க இடம் பார்த்து நிறுத்துங்க. பியென்சா தட்டையான ஊர். அடுத்த மோந்தெபுல்சானோ செங்குத்தான ஏத்தம், அப்பாவை நடக்க விடாதீங்க. பதிலுக்கு பான்யோ வின்யோனி கூட்டிட்டுப் போங்க. ஊர் நடுச்சதுக்கமே ஒரு வெந்நீர்க் குளம், நம்ம தெப்பக்குளம் மாதிரி சுத்திக் கட்டினது. இறங்கிக் குளிக்க விட மாட்டாங்க, கரையில உட்காரலாம்.

மதியச் சாப்பாடு 12.30–2.30க்குள்ள. விட்டா ராத்திரி 7.30 வரைக்கும் அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க. அம்மாவுக்கு 'பீச்சி அல்லாலியோனே', பூண்டும் தக்காளியும் போட்ட தடிமனான நூடுல்ஸ். 'ராகூ'ன்னு இருந்தா இறைச்சி. பெகோரினோ சீஸ்ல கன்னுக்குட்டி, ஆட்டுக்குட்டி வயித்துலேர்ந்து எடுத்த உறைப்பொருள் சேரும். அதனால சீஸ் வேண்டாம்னு சொல்லிடுங்க.

திருநகர் 2வது ஸ்டாப்:
ரொம்ப நன்றி. சியெனாவுல ரூம் கோட்டைச் சுவருக்கு உள்ள போட்டாச்சு. வண்டியை என்ன பண்ண?

கோரிப்பாளையம்:
வண்டி கைக்கு வந்ததும் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து ஓட்டலுக்கு அனுப்புங்க. உள்ள வர அனுமதிச்ச வண்டிப் பட்டியல்ல பதிஞ்சாச்சுன்னு எழுத்துல பதில் வந்த பிறகு உள்ள போங்க, பெட்டியை இறக்கிட்டு வெளிய கொண்டு வந்து பார்க்கிங்ல போடுங்க. பதில் வரலைன்னா பார்க்கிங்லேர்ந்து டாக்சிதான்.