ஹெர்ப்பிஸ் கொப்புளம் வற்றியும் தோல் ஆறவில்லை, உதவுங்கள்

பிறப்புறுப்பில் முதல்முறையாக ஹெர்ப்பிஸ் (வைரஸால் வரும் கொப்புள நோய்) வந்து ஆறு வாரம் ஆகிறது. டாக்டர் எழுதிக்கொடுத்த அசைக்ளோவிர் (வைரஸ் எதிர்ப்பு மாத்திரை) 400 மி.கி., நாளைக்கு மூன்று வேளை, 10 நாள் முடித்தேன். கொப்புளமெல்லாம் வற்றிவிட்டது. ஆனால் இரண்டு இடத்தில் தோல் காகிதம் மாதிரி மெல்லிசாக, சிவந்தே இருக்கிறது. நடந்தால் உரசி வெடிக்கிறது, சிறுநீர் பட்டால் சுரீர் என்கிறது. பொதுவாக 2 முதல் 4 வாரத்தில் ஆறிவிடும் என்பதால்தான் பயம்.

அந்த இடத்தில் சோப்பு போடுவதை நிறுத்திவிட்டேன். தளர்வான பருத்தி உள்ளாடை, கொஞ்சம் வாசலின், அவ்வளவுதான். டாக்டர் சொல்லாமல் ஸ்டீராய்டு களிம்பைத் தொடவே மாட்டேன். சர்க்கரை இருந்தாலும் புண் ஆறத் தாமதமாகும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் கொடுத்திருக்கிறேன்.

உங்களில் யாருக்காவது இப்படி இழுத்ததா? தோல் பழையபடி ஆக எத்தனை நாள் பிடித்தது? அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கும்போது என்னென்ன கேட்கலாம்? வீட்டில்கூடச் சொல்ல முடியவில்லை, தயவுசெய்து பதில் போடுங்கள்.