டேகேரில் பாப்பா தூங்க மாட்டேன் என்கிறாள், வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் ஓசூரில் இருக்கிறோம். பாப்பாவுக்கு 9 மாதம். 26 வார பிரசவ விடுப்பு முடிந்ததும் அம்மா வந்து பார்த்துக்கொண்டார். போன மாதம் அவர் பாலக்கோட்டுக்குத் திரும்பியதால், சிப்காட் பக்கம் ஒரு டேகேரில் விடுகிறேன்.

வீட்டில் என் பழைய காட்டன் சேலையில் கட்டிய தூளிதான் அவளுக்கு. நாலு ஆட்டு ஆட்டினால் போதும், கட்டைவிரலை வாயில் வைத்து, இன்னொரு கையால் சேலை ஓரத்தைப் பிடித்தபடி கண் சொக்கிவிடும். டேகேரில் தூளி கிடையாது. சமமான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள். அதுதான் பாதுகாப்பு என்று டாக்டரும் சொன்னார், அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் 20 நிமிடத்தில் விழித்து அழுகிறாளாம். சாயங்காலம் தூக்கும்போது கண்ணெல்லாம் சிவந்து, என் தோளில் சாய்ந்ததுமே தூங்கிவிடுகிறாள். அதைப் பார்க்க மனசு தாங்கவில்லை. அப்புறம் ராத்திரி 11 மணி வரை முழிப்பு.

இந்த வயதில் பகல் தூக்கமும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் வேண்டும். இவளுக்கு 10 வருவதே பெரிய விஷயம்.

வீட்டிலும் தூளியை நிறுத்தி மெத்தையில் பழக்க வேண்டுமா? ஒரேயடியாகவா, பகலுக்கு மட்டும் முதலிலா? நான் உடுத்திய சேலையை மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகி விரிப்பாகக் கொடுத்தால் என் வாசனைக்குத் தூங்குவாளா? தூளியில் வளர்ந்த குழந்தையை டேகேரில் விட்ட அம்மாக்கள், பழக எத்தனை நாள் ஆனது என்று எழுதுங்கள். திங்கட்கிழமை அங்கே இருக்கும் அக்காவிடம் பேசப் போகிறேன், அதற்குள் தெரிந்தால் நல்லது.