கார் விற்ற பணம் கைக்கு வந்து சேர்ந்த கதை: உங்களுடையதையும் சொல்லுங்கள்

தருமபுரியிலிருந்து

போன மாதம் என் 2014 ஸ்விஃப்ட் டீசலை விற்றேன். பழைய கார் வாங்கி விற்கும் கன்சல்டிங்கில் கேட்டபோது 2 லட்சத்து 90 ஆயிரத்துக்கு மேல் அசையவில்லை. நேராக விற்றால் ஐம்பதாயிரம் கூட வருமே என்று படம் எடுத்து ஆன்லைனில் போட்டேன்.

முதல் போன் பத்தே நிமிடத்தில் வந்தது. ராணுவத்தில் இருக்கிறாராம், வண்டியைப் பார்க்காமலே பிடித்துவிட்டதாம், 5,000 டோக்கன் அட்வான்ஸ் அனுப்புகிறாராம். க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொன்னார். பிளஸ் டூ படிக்கும் என் மகள் போனைப் பிடுங்கினாள். "பணம் வாங்குறதுக்கு எதுக்குப்பா பின் நம்பர்?" அந்த ஆள் கதை அதோடு முடிந்தது.

நான் ஏமாறப் பார்த்தது அடுத்த ஆட்களிடம். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு சேலம் பக்கத்திலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். பானெட்டைத் திறந்து பார்த்தார்கள், நாலு ரோடு வரை ஓட்டிப் பார்த்தார்கள், பேரம் பேசி 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கு முடித்தார்கள். என் அக்கவுண்ட் நம்பரை வாங்கி போனில் யுபிஐ ஆப்பில் என்னவோ தட்டினார்கள். பச்சை டிக்கோடு 3,40,000 என்று திரையில் காட்டினார்கள். அடுத்த நொடி என் போனிலும் மெசேஜ். என் கணக்கின் கடைசி நாலு எண், தொகை, தேதி, எல்லாம் சரியாக இருந்தது. சாவி என் கையில்தான் இருந்தது, நீட்டவும் போய்விட்டேன்.

அப்போதுதான் அந்த மெசேஜ் எங்கிருந்து வந்தது என்று கண்ணில் பட்டது. வங்கியின் சுருக்கப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பத்து இலக்க மொபைல் நம்பர். வங்கிக்கு மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்தேன். பேலன்ஸ் பழையபடி பதினோராயிரத்துச் சொச்சம்.

"சர்வர் பிஸி அங்கிள், அரை மணி நேரத்துல ஏறிடும். ரொம்ப நேரமாகுறதுக்குள்ள தொப்பூர் மலைப்பாதை இறங்கணும்" என்றான் ஒருவன். ஏறட்டும், அதுவரை டீ குடியுங்கள் என்றேன். மற்றவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "எங்கள நம்பலையா அங்கிள்?" என்றான். இந்த ஒரு கேள்வியில்தான் நம்ம ஊர் ஆட்கள் விழுவோம். வாசலில் நிற்கிறவனைச் சந்தேகப்படுகிறோமே என்று நமக்கே கூச்சமாகிவிடும். எனக்கும் ஆனது. என் மனைவிதான், "நம்புறோம் தம்பி, பணம் ஏறினதும் இன்னும் நல்லா நம்புவோம்" என்று டம்ளரை நீட்டினாள். பாதி டீயை வைத்துவிட்டு, ஏடிஎம்மில் எடுத்து வருகிறோம் என்று போனார்கள். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. ஆட்கள் வரவில்லை.

யோசித்தால் அந்த பச்சை டிக்கே பொய். தனி ஆளுக்குத் தனி ஆள் யுபிஐயில் அனுப்ப ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் பொதுவான வரம்பு. மூன்றே முக்கால் நொடியில் 3,40,000 எப்படிப் போகும்? அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசியில் வாங்கியவர் பாலக்கோட்டு வாத்தியார் ஒருவர். திங்கட்கிழமை பத்தரை மணிக்கு அவர் வங்கிக்கே இரண்டு பேரும் போனோம். பெரிய தொகை அனுப்புகிற ஆர்டிஜிஎஸ் ஃபாரத்தில் என் அக்கவுண்ட் நம்பரை அவர் எழுத, நான் பாஸ்புக்கை வைத்து இரண்டு முறை சரிபார்த்தேன். இருபது நிமிடத்தில் என் ஆப்பில் வரவு ஏறியது. அதற்குப் பிறகுதான் அதே பெஞ்சில் உட்கார்ந்து வண்டியைப் பேர் மாற்றும் ஃபாரம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டேன். வண்டியை ஒப்படைத்ததற்கான டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி வாங்கிக்கொண்டேன். உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து

உங்களுக்காவது திருடன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தான். எனக்கு வந்தவன் முகத்தை இன்றுவரை பார்த்ததில்லை.

வேகன் ஆருக்கு 2 லட்சத்து 60 ஆயிரம் கேட்டிருந்தேன். ஒருவன் போன் செய்து பேரமே பேசாமல் ஒத்துக்கொண்டான். "என் மச்சானுக்குத்தான் எடுக்கிறேன். அவர் வந்து பார்ப்பார், அவரிடம் விலை பேச வேண்டாம், எங்களுக்குள் ஒரு பழைய கணக்கு இருக்கு" என்றான். குடும்ப விவகாரம், நமக்கெதற்கு என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர் தம்பியோடு வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பிடித்துவிட்டது. மாமரத்தடியில் நின்று போனில் யாருக்கோ பணம் அனுப்பினார், பிறகு என்னிடம் வந்து சாவி கேட்டார். பணம் வரவில்லையே என்றேன். "உங்க அண்ணனுக்கு இப்பத்தானே ஒரு லட்சம் போட்டேன், மிச்சம் 80 ஆயிரம் ஆர்.சி. புக் கைக்கு வந்ததும்னு பேச்சு" என்கிறார். எனக்கு அண்ணனே கிடையாது! என் விளம்பரப் படங்களையே எடுத்து 1 லட்சத்து 80 ஆயிரம் என்று போட்டு, அவரிடம் என் அண்ணனாகவும் என்னிடம் அவர் மச்சானாகவும் ஒரே ஆள் பேசியிருக்கிறான். கால் மணி நேரம் நானும் அவரும் ஒருவரை ஒருவர் திருடன் என்று கத்திக்கொண்டோம், தெருவே கூடிவிட்டது.

அவர் தம்பி சட்டென்று சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடித்தான். சீக்கிரம் சொன்னதால் ஒரு பங்கு வெளியே போகாமல் நின்றது, மீதி போனது போனதுதான். இப்போதெல்லாம் வண்டி பார்க்க யார் வந்தாலும் என் முதல் கேள்வி, "உங்களுக்கு என்ன விலை சொன்னாங்க, பணம் யாருக்குப் போடச் சொன்னாங்க?"

ஓசூரிலிருந்து

எனக்குப் பணம் உண்மையாகவே ஏறியது. ஏறிய பிறகுதான் வினை.

பெங்களூர்க்காரர், ஒரே நாளில் மூன்று வேறு பெயர்களிலிருந்து போட்டார். கேட்டதற்கு நண்பர்கள் கொடுத்து உதவினார்கள் என்றார். மூன்றாவது வாரம் ஏடிஎம்மில் கார்டு வேலை செய்யவில்லை. அந்த மூன்றில் ஒன்று யாரையோ ஏமாற்றிய பணமாம், வேறு மாநில சைபர் போலீஸ் புகாரின் பேரில் என் கணக்கையே நிறுத்தி வைத்திருந்தார்கள். சம்பளம் வருகிற கணக்கு. விற்பனை ஒப்பந்தம், ஃபாரம் நகல், கர்நாடகாவுக்கு மாற்ற வாங்கிய என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று, அவர் ஆதார் நகல், எல்லாம் அனுப்பிப் பேசி விடுவிக்க நாலு மாதம் ஆயிற்று. ஆர்.சி.யில் யார் பெயர் ஏறப்போகிறதோ அவர் கணக்கிலிருந்து மட்டும்தான் இனி வாங்குவேன். அப்பா பணம் கொடுக்கிறார் என்றால் அப்பா பெயருக்கே வண்டியை மாற்றிக்கொள்ளட்டும்.

பென்னாகரத்திலிருந்து

நான் ரொக்கம்தான் வாங்கினேன். பழைய ஆல்ட்டோ, 1 லட்சத்து 75 ஆயிரம், வாங்கியவர் தக்காளி வியாபாரி. வீட்டில் எண்ணாமல் அவரையும் கூட்டிக்கொண்டு வங்கி கவுண்டருக்குப் போனேன். மெஷின் ஒரு ஐநூறைத் துப்பியது. கள்ள நோட்டு என்றால் வங்கி முத்திரை குத்திப் பிடித்து வைத்துக்கொண்டு ரசீதுதான் தரும், பணம் தராது. அவர் பக்கத்திலேயே நின்றதால் முகம் சுளிக்காமல் வேறு நோட்டு எடுத்துக் கொடுத்தார். அவருக்கே தெரியாமல் சந்தையில் வந்து சேர்ந்ததுதான்.

இன்னொன்று. 2 லட்சமோ அதற்கு மேலோ ஒரே வியாபாரத்துக்கு ரொக்கமாக வாங்க 2017 ஏப்ரல் முதல் தடை. அபராதம் பணத்தை வாங்கியவருக்கு, அதுவும் வாங்கிய தொகை முழுதும். இன்றைக்குப் பாதி நாளைக்குப் பாதி என்று பிரித்தாலும் ஒரே வண்டிக்கான பணம்தான்.

அரூரிலிருந்து

டிடி (வங்கி வரைவோலை) என்றால் கைமேல் பணம் என்று நம்புகிற பெரியவர்கள் எங்கள் வீட்டில் உண்டு. அச்சடித்த போலி டிடியும் உண்டு. எடுக்கும்போது கூடவே வங்கியில் நில்லுங்கள், இல்லையென்றால் வேண்டாம். செக்கைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. திரும்பி வந்தால் 30 நாளுக்குள் நோட்டீஸ், 15 நாள் கெடு, அப்புறம் கோர்ட். வண்டி அதுவரை எங்கே ஓடுமோ! பேர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் இருக்கிறவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

மறுபடியும் தருமபுரியிலிருந்து

ஒன்று விட்டுப்போயிற்று. பணம் ஏறிய சந்தோஷத்தில் ஃபாஸ்டேக்கை மறந்துவிட்டேன். மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு மெசேஜ்: கிருஷ்ணகிரி டோல்கேட்டில் என் கணக்கிலிருந்து பணம் கழிந்திருக்கிறது. வாத்தியாருக்குப் போன் செய்தேன். வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு உடனே அந்தத் தொகையை அனுப்பினார். அனுப்பியதும் அவரே கூப்பிட்டார்.

"சார், ஸ்கிரீன்ஷாட் அனுப்பல. பேலன்ஸ் பாத்துட்டுச் சொல்லுங்க, லைன்லயே இருக்கேன்."