ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன்: தமிழில் ஒரு சொல், ஞாயிறுக்குள் வேண்டும்

க.மு., பிளேனோ:

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். வரும் ஞாயிறு எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு வீட்டு வரி பற்றி ஒரு வகுப்பு எடுக்கிறேன். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம், காலின் கவுண்டி (கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு). இரண்டு பக்கத் துண்டறிக்கை எழுதி முடித்துவிட்டேன். ஒரே ஒரு சொல்தான் உட்காரவில்லை.

சொந்த வீட்டில் தானே குடியிருப்பவருக்கு, வரி போடுவதற்கு முன்பே வீட்டின் மதிப்பிலிருந்து ஒரு தொகையைக் குறைத்துக்கொள்கிறார்கள். வீட்டு வரியில் பள்ளிகளுக்குப் போகும் பகுதியான பள்ளி வரிக்கு அந்தத் தொகை 1,40,000 டாலர். முன்பு 1,00,000 ஆக இருந்ததை 2025 நவம்பரில் வாக்காளர்கள் உயர்த்தினார்கள். 65 வயதானவருக்கு இதற்கு மேல் 60,000. இதற்குத்தான் ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன் என்று பெயர்.

முந்தைய வகுப்பில் 'வீட்டு வரிவிலக்கு' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, தமக்கு வரியே கிடையாது என்று எடுத்துக்கொண்டார். கடன் இல்லாத வீடு, அதனால் வங்கியும் கட்டவில்லை. ஜனவரி 31 கடந்துவிட்டது. பிப்ரவரி பிறந்ததும் 6 சதவீத அபராதம், 1 சதவீத வட்டி. அவர் சரியாகத்தான் படித்தார். நான்தான் தவறான சொல்லைக் கொடுத்தேன். இந்த முறை அப்படி நடக்கக் கூடாது. உதவுங்கள்.

சா.வே., கும்பகோணம்:

மகளே, இதற்குச் சொல் தேடி அலைய வேண்டாம், கல்வெட்டில் இருக்கிறது: இறையிலி. சோழர் காலத்தில் வரி நீங்கிய நிலத்துக்கு அதுதான் பெயர். இறுத்தல் என்றால் செலுத்துதல். 'கடன் இறுத்தான்' என்கிறோம் அல்லவா? இறு என்ற வேரிலிருந்து இறை. இறை, இல், இ என்று பிரித்தால் இறை இல்லாதது. ஈழத்தில் இன்றும் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் என்றுதான் அரசே எழுதுகிறது. திணைக்களம் என்பதும் சோழர் சொல்லே. புரவுவரித் திணைக்களம் என்று வரிக் கணக்கை வைத்திருந்த அலுவலுக்குப் பெயர். வரி என்ற சொல்லைப் பற்றியும் எழுதலாம். ஓலையில் கோடாக எழுதிவைத்ததால் வரி என்பார் உண்டு. வரிதல் என்றால் கட்டுதல், அதனால் வந்தது என்பார் உண்டு. நான் இரண்டாவது கட்சி. 'வரி கட்டினான்' என்ற வழக்கையே சான்றாகக் கொள்வேன்.

ந., சென்னை:

ஐயா, 'வரி கட்டினான்' என்பதில் உள்ள கட்டு பணம் கட்டும் கட்டு. அதை வரிதலுக்குச் சான்றாக எப்படிக் கொள்வது? அது இருக்கட்டும். இறையிலி என்ற சொல்லை இன்று எழுபது வயதுக்காரர் ஒருவர் படித்தால் கடவுள் இல்லாதவர் என்றுதான் நினைப்பார். அதைவிட முக்கியம், பொருளும் பொருந்தவில்லை. இறையிலி முழுதாக வரி நீங்கியது. க.மு. அம்மா தவிர்க்க நினைப்பதே அந்தப் பொருளைத்தானே?

என் ஓட்டு 'சலுகை'க்கு. 'சொந்தக் குடியிருப்புச் சலுகை'. பேருந்தில் முதியோர் சலுகை என்றால் எல்லோருக்கும் புரிகிறது. அதைக் கேட்டுவிட்டு பயணச்சீட்டே வேண்டாம் என்று யாரும் ஏறுவதில்லை.

இன்னொன்று. துண்டறிக்கையில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் இரண்டையும் 'மாவட்டம்' ஆக்கிவிடாதீர்கள். இங்கிருந்து வந்தவருக்கு மாவட்டம் என்றால் ஆட்சியர் அலுவலகம். கவுண்டியை மாவட்டம் என்று போட்டால் குழப்பம் இரட்டிப்பாகும். மதிப்பீட்டு அலுவலகம், பள்ளி வாரியம், கவுண்டி என்றே விடுங்கள்.

ப., ஸ்கார்பரோ:

சலுகை எனக்குச் சரியாகப் படவில்லை, தம்பி. சலுகை என்பது ஒருவர் மனமிரங்கித் தருவது. இது சட்டம் தந்த உரிமை. வயதானவர்கள் 'எனக்கு எதற்குச் சலுகை' என்று கூச்சப்பட்டே விண்ணப்பிக்காமல் விடுவார்கள். என் தகப்பனார் அப்படித்தான், எந்தப் படிவத்திலும் சலுகை என்ற சொல்லைக் கண்டால் ஒதுக்கிவிடுவார்.

ஈழத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு தொகையிலிருந்து எடுத்துவிடுவதைக் கழிவு என்போம். கடையில் விலைக்கழிவு. ஆகவே 'வதிவிடக் கழிவு'. வரிக்கும் எங்களிடம் நல்ல சொற்கள் உண்டு: ஆதனவரி, சோலைவரி. பதிவேட்டுக்குத் தோம்பு. அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். பிறகு வந்த ஒல்லாந்தரும் காணிக்கணக்கைத் தோம்பு என்றே எழுதிவைத்தார்கள். கவுண்டியின் காணிப் பதிவேட்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

க.மு., பிளேனோ:

ப. அண்ணா, கழிவு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் தமிழ்நாடு. அவர்களுக்குக் கழிவு என்றால் குப்பையும் சாக்கடையும். 'வதிவிடக் கழிவு' என்று பலகையில் எழுதினால் குப்பை அள்ளும் கட்டணமா என்று கேட்பார்கள்.

கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுகிறேன், சொல் அதிலிருந்தே வரக்கூடும். வீட்டின் மதிப்பு 5,00,000. அதில் 1,40,000 போனால் 3,60,000. பள்ளி வரி நூறு டாலருக்கு ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டால் வரி 3,600. குறைப்பு இல்லாவிட்டால் 5,000. மிச்சப்படுவது 1,400 மட்டும்தான். 1,40,000 டாலரே கைக்கு வரும் என்று நினைத்தவர்களும் உண்டு. ஆகவே குறைவது மதிப்பு, வரி அல்ல என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

அண்ணா பதிவேட்டைப் பற்றிச் சொன்னதால்: இங்கே மூன்று இடம். பத்திரம் கவுண்டி கிளர்க்கிடம். மதிப்பும் இந்தக் குறைப்பும் மதிப்பீட்டு அலுவலகத்தில். அவர்கள் தளத்தில் பெயரையோ முகவரியையோ போட்டால் வந்துவிடும். பணம் கட்டுவது வரி வசூல் அலுவலகத்தில். நம் ஊரில் பத்திரத்துக்குச் சார்பதிவாளர், பட்டாவுக்கு வட்டாட்சியர், வீட்டு வரிக்கு நகராட்சி என்று சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் நம் வழிகாட்டி மதிப்புப் போலத் தெருவுக்கு ஒரு விலை இங்கே கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஜனவரி 1 அன்று என்ன விலை போகும் என்று தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள். டெக்சஸில் விற்ற விலையை அரசுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால் மதிப்பு கூடிப்போயிருந்தால் நாம்தான் மே 15க்குள் மறுப்புத் தெரிவிக்க வேண்டும். மதிப்பு நோட்டீஸைத் தாமதமாக அனுப்பினால், அதை அனுப்பிய நாளிலிருந்து 30 நாள்.

சா.வே., கும்பகோணம்:

கணக்கைப் பார்த்ததும் உறக்கம் போய்விட்டது. இதே முறை தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது! ஓர் ஊரின் மொத்த நிலத்தை அளந்து சொல்வார்கள். பிறகு ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அவற்றை 'நீக்கி', மீதிக்கு இறை கட்டுவார்கள். முந்திரிகை என்ற சிறு பின்னத்துக்கும் கீழே, கீழ்முந்திரி வரை கணக்குப் போகும். ஊர்நத்தம் என்பது என்ன? மக்கள் குடியிருக்கும் மனை. குடியிருக்கும் இடத்தைக் கழித்துவிட்டு மற்றதற்கு வரி போட்டிருக்கிறார்கள். டெக்சஸ்காரர் செய்வதும் அதுதானே? எனவே இறையிலியைத் திரும்பப் பெறுகிறேன். சொல்: மனைநீக்கம்.

தோம்பு பற்றி: நல்ல தமிழ்ப் பொத்தகம் இருக்கப் போர்த்துக்கேயம் எதற்கு? வரிப்பொத்தகம் என்றே சோழர் அலுவல் ஒன்று இருந்தது.

ப., ஸ்கார்பரோ:

ஐயா, நானூறு வருடமாக எங்கள் வாயில் இருக்கும் சொல்லை இன்னும் அந்நியம் என்றால், எத்தனை வருடம் இருந்தால் அது தமிழாகும்?

ந., சென்னை:

கல்வெட்டுச் செய்தி அருமை, ஐயா. இதை நான் அறிந்திருக்கவில்லை. ஆனால் மனைநீக்கம் என்பது எப்படி விரியும்? மனையை நீக்குதல் என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையாகத்தான் எவரும் விரிப்பார்கள். 'பெயர்நீக்கம்' என்றால் பெயரை நீக்குவது. வரி கட்டாவிட்டால் வீட்டை ஏலம் விடும் ஊரில், முதியவர் கையில் மனைநீக்கம் என்று எழுதிய தாளைக் கொடுப்பதா?

சா.வே., கும்பகோணம்:

மனைக்காக நீக்குவது, நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. 'குடிநீர்' என்றால் குடியை நீர் செய்வதாகவா விரிக்கிறோம்?

ந., சென்னை:

குடிநீர் வினைத்தொகை, ஐயா. அது இங்கே சான்றாகாது.

ஆ., ஹூஸ்டன்:

இடையே ஒரு செய்தி, இது சொல்லுக்கும் தொடர்புள்ளது. நான் இந்தப் படிவங்களைப் பலருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அதிகம் ஏமாறுவது பெற்றோர்தான். மகன் பெயரில் வீடு, அப்பா அம்மா அங்கே இருக்கிறார்கள். 65 ஆகிவிட்டது, கூடுதல் 60,000 கிடைக்கும் என்று வருகிறார்கள். வீட்டில் அவர்களுக்குப் பங்கு இல்லாவிட்டால் கிடைக்காது. எனவே சொல்லில் 'குடியிருப்பு' மட்டும் போதாது, 'சொந்த' என்பதும் வேண்டும். ஓட்டுநர் உரிமத்தில் அதே முகவரி இருக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

அப்புறம், விண்ணப்பிக்கக் காசு கிடையாது. பணம் அனுப்பினால் பதிவு செய்து தருகிறோம் என்று அரசுக் கடிதம் போலவே தபால் வரும். அதைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். ஒருமுறை பதிந்துவிட்டால், மதிப்பு சந்தையில் எவ்வளவு ஏறினாலும் அடுத்த ஆண்டிலிருந்து வரிக்கணக்கில் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. புதிதாகக் கட்டிய பகுதிக்கு இந்தத் தடை பொருந்தாது. எனக்குத் தெரிந்து இதுதான் பெரிய பயன், இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

க.மு., பிளேனோ:

எல்லோருக்கும் நன்றி. நாளை காலை அச்சுக்குப் போக வேண்டும். 'சொந்தக் குடியிருப்பு மதிப்புக் குறைப்பு' என்று போடுகிறேன். நீளம்தான். ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒரு தவறான எண்ணத்தைத் தடுக்கிறது. தளத்தில் தேடுவதற்கு வேண்டும் என்பதால் பக்கத்திலேயே ஹோம்ஸ்டெட் என்றும் தடித்த எழுத்தில் இருக்கும். கீழே பெரிதாக: 'இதைப் பெற்றாலும் ஜனவரி 31க்குள் வரி கட்ட வேண்டும்.'

ந., ஆ. இருவரும் ஒப்புக்கொண்டு தனியாக எழுதிவிட்டார்கள். ப. அண்ணா 'குறைப்பு' என்பது சம்பளக் குறைப்புப் போலக் கேட்கிறது என்றார், ஆனாலும் சரி என்றார்.

சா.வே., கும்பகோணம்:

அச்சிடு, மகளே. வயதானவர்கள் பணம் இழக்கக் கூடாது, அதுதான் முதலில். ஆனால் நான்கு சொல் சேர்ந்தது விளக்கமே தவிரப் பெயர் ஆகாது. ஊர்நத்தத்தை நீக்கியவன் அதை ஒரே வினையில் சொன்னான். குழுவின் சொற்பட்டியலில் 'மனைநீக்கம், சா.வே. முன்மொழிந்தது' என்று ஒரு வரி இருக்கட்டும். குடிநீரை நான் தவறாகச் சொன்னேன், ந. சொன்னதே சரி. நான்காம் வேற்றுமைக்கு வேறு சான்று தேடி நாளை எழுதுகிறேன்.